நோய் வளர்க்கும் சொல்

தமிழில் நோய் என்னும் சொல் இருபொருள் பயப்பது. உடலைப் பற்றிய பிணியும் நோய். உள்ளத்தை வாட்டும் துன்பமும் நோய். நோதல், நோவு, நொந்தான் என்னும் சொற்களோடு சேர்த்து நோக்குங்கால், நோய் என்பது உறுப்பின் பழுதினைக் காட்டிலும் அப்பழுதினை உற்றவன் படும் வருத்தத்தையே சிறப்பாகக் குறிப்பது எனக் கொள்ளத்தகும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலும் இச்சொல்லை ஆள்கின்றார். காமத்துப்பாலிலும் இதனையே ஆள்கின்றார். இவை ஒரு சொல்லின் இருவேறு வழக்குகள் என்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. ஆயின், ஒரு மொழி பிணிக்கும் துன்பத்திற்கும் ஒரே பெயரை நெடுங்காலமாக வழங்கி வருமாயின், அவ்விரண்டன் உறவினைப் பற்றி அதன் இலக்கியம் யாது கூறுகின்றது என வினவுதல் திறனாய்வாளர் கடனாகும்.

மருத்துவர் கண்டறியும் பழுது வேறு, நோயாளர் உணரும் துன்பம் வேறு என்பதனை இக்கால மருத்துவ நூலார் வற்புறுத்துகின்றனர். பழுது சிறிதாக இருப்பத் துன்பம் பெரிதாதலும் உண்டு. பழுது பெரிதாக இருப்பத் துன்பம் தோன்றாமையும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பன பல. அவற்றுள் நோயைப் பற்றிய நம்பிக்கையும் அச்சமும் தலையாயவை. அவற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது பிறர் வாய்ச்சொல். இதனை நம் அகப்பாடல்களும் அவற்றின் வழிவந்த பத்திப் பாடல்களும் எங்ஙனம் காட்டுகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாய்விற்குச் செங்கற்பட்டையும் கடல்மல்லைக் கரையையும் நிலைக்களனாகக் கொண்டோம். அதற்குக் காரணம் இரண்டு. மாமல்லபுரத்திற்கு வடக்கே கடலோரத்தில் உள்ள திருவிடவெந்தை, நோயுற்ற மகளைப் பற்றித் தாய் பேசும் அரியதொரு பதிகத்தைத் திருமங்கையாழ்வாரிடம் பெற்ற தலமாகும். செங்கற்பட்டை அடுத்த திருமணியோ, பெயரே பெருந்துன்பமாகிவிட்ட ஒரு நோய்க்கு மருத்துவம் செய்துவரும் இடமாகும். ஒன்று பாடல், மற்றொன்று மருத்துவமனை. இரண்டினையும் ஒருசேர நோக்குவார்க்கு, நோயினைப் பற்றிப் பேசும் பேச்சின் பொறுப்பு விளங்கும்.

தொடங்குமுன் ஒன்று கூறுதல் வேண்டும். இக்கால அறிவியல் கண்டவற்றையெல்லாம் பண்டைத் தமிழர் முன்னரே கண்டனர் என்று நிறுவுவது எம் கருத்தன்று. புலவர் மருத்துவ ஆய்வு செய்தாரல்லர். அவர்கள் மனிதர் துன்புறும் முறையைக் கூர்ந்து நோக்கினர். நோக்கியதனைப் புலனெறி வழக்கத்தில் அமைத்தனர். அந்நோக்கின் செம்மையே ஈண்டு ஆராயப்படுவது.

எருவும் நீரும்

அலரறிவுறுத்தல் என்னும் 115ஆம் அதிகாரத்தில், 1147ஆம் குறள் உழவுத் தொழிலிலிருந்து ஓர் உருவகத்தை எடுத்துக்கொள்கின்றது. தலைவியின் நோய் ஒரு பயிர். ஊரார் தூற்றும் பேச்சு அதற்கு எரு. அன்னை கூறும் கடுஞ்சொல் அதற்கு நீர். இவற்றால் அப்பயிர் வளர்கின்றது. சுருங்குவதற்கு ஏதுவாக வேண்டியவையே பெருகுவதற்கு ஏதுவாயின என்னும் முரணைப் பரிமேலழகர் இக்குறளுக்குக் கருத்தாகக் காட்டுவர்.

ஈண்டு நோய் என்றது காமநோயை என்பதில் ஐயமில்லை. ஆயினும், உருவகத்தின் அமைப்பு உற்று நோக்கத்தக்கது. எருவும் நீரும் வித்து ஆகா. வித்து தலைவியின் நெஞ்சில் முன்னரே உள்ளது. ஊரும் தாயும் நோயைத் தோற்றுவித்தாரல்லர், தோன்றியதனை வளர்த்தனர். தாய் வளர்க்க எண்ணியவளும் அல்லள். அடக்க எண்ணியே சினந்தாள். நோக்கம் ஒன்றாகப் பயன் வேறாயிற்று. நோய் உண்டு என்பதனை மறுக்காமலும், அதன் வளர்ச்சிக்கு நோய் மட்டுமே காரணம் என்று கொள்ளாமலும், வித்தினையும் எருவினையும் வேறுபிரித்துக் காட்டிய நுட்பம் இக்குறளின் சிறப்பு என்பது எம் கருத்து.

இந்நுட்பம் வெறும் அணியழகு அன்று என்பதற்கு இக்கால ஆய்வொன்று சான்றாகும். வெற்று மாத்திரையை மருந்தென நம்பி உண்டார்க்கு நலம் தோன்றுதலைப் பிளாசிபோ என்பர். மகிழ்விப்பேன் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. தீங்கு வரும் என்று அஞ்சி உண்டார்க்குத் தீங்கே தோன்றுதலைக் குறிக்க, ஊறு செய்வேன் என்னும் பொருளுடைய நோசிபோ என்னும் சொல்லினை வால்ட்டர் கென்னடி என்பார் 1961இல் வழக்கிற்குக் கொணர்ந்தார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இப்பொருள் பற்றியது. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் உடல்வலி முதலிய தொல்லைகள் உண்டாயின என்று கூறி அதனைக் கைவிட்ட 60 பேர் அதில் கலந்துகொண்டனர். ஓராண்டில் நான்கு திங்கள் உண்மை மாத்திரையும், நான்கு திங்கள் வெற்று மாத்திரையும், நான்கு திங்கள் எம்மாத்திரையும் இன்மையுமாக, முறைமாறி வருமாறு அமைத்தனர். தம் தொல்லையின் அளவை அவர்கள் நாள்தோறும் 100க்கு இத்துணை எனக் குறித்துவந்தனர். மாத்திரை இல்லாத திங்களில் அதன் சராசரி 8.0, உண்மை மாத்திரை உண்ட திங்களில் 16.3, வெற்று மாத்திரை உண்ட திங்களிலோ 15.4. மாத்திரையால் வந்தது என்று கருதிய தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, மாத்திரை உண்கின்றோம் என்னும் எண்ணத்தோடு வந்ததாயிற்று.

இதனைக் கொண்டு அவர்கள் பொய் கூறினர் என்று முடிவுகட்டல் பெரும்பிழை. வெற்று மாத்திரை உண்ட நாளிலும் அவர்கள் உற்ற நோவு உண்மையான நோவே. அச்சம் நெஞ்சின் துடிப்பை மிகுவிக்கும், மூச்சை விரைவாக்கும், தசையை இறுக்கும், வயிற்றைக் கலக்கும். நோயை எதிர்நோக்கியிருக்கும் மனம் உடலில் எழும் ஒவ்வோர் அசைவையும் தேடிப் பிடிக்கும். நாள்தோறும் எழுந்தடங்கும் சிறு வலிகளும் அப்பொழுது நோயின் குறிகளாகத் தோன்றும். அக்குறிகள் அச்சத்திற்குச் சான்றாகும். அச்சம் மேலும் குறிகளை உண்டாக்கும். எருவிட்டு நீர் பாய்ச்சிய பயிர் என்னும் உருவகம் இவ்வளர்ச்சிக்குப் பொருந்துவது போல வேறொன்று பொருந்துதல் அரிது.

இவ்வாய்வின் முடிவில், தத்தம் குறிப்புகளை அவரவர்க்கே காட்டி விளக்கினர். அறுபதின்மருள் பாதியளவினர் கைவிட்ட மாத்திரையை மீண்டும் உண்ணத் தொடங்கினர். உண்மையைப் பரிவோடு எடுத்துக் கூறுதல் எருவினை நீக்குதற்கு ஒப்பாகும் என்பது இதனால் தெளிவாகும்.

வெறியாட்டும் தலைவியின் அச்சமும்

அகத்துறைகளுள் வெறியாட்டு என்பது தவறான நோய்நாடலைப் பொருளாகக் கொண்டது. தலைவனைப் பிரிந்து மெலிந்த மகளைக் கண்ட தாய், காரணம் அறியாது கட்டுவிச்சியரை வினவுகின்றாள். அவர்கள் முருகன் அணங்கினான் என்கின்றனர். வேலன் வருகின்றான், களம் இழைக்கப்படுகின்றது, பலி கொடுக்கப்படுகின்றது. நோயை ஆராய்ந்து, அதன் முதலை ஆராய்ந்து, அதன்பின் தணிக்கும் வழியை ஆராய்தல் வேண்டும் என மருந்து அதிகாரம் வகுத்த ஒழுங்கினைத் தாய் தலைகீழாக்கி விடுகின்றாள். முதலினை நாடாமலே தணிக்கும் வழிக்குச் சென்றுவிடுகின்றாள்.

இத்துறையைப் பாடிச் சிறந்தமையால் வெறிபாடிய காமக்கண்ணியார் எனப் பெயர் பெற்ற புலவரின் இரு பாடல்கள் அகநானூற்றில் உள்ளன. 22ஆம் பாடலில், வெறியாட்டு நிகழ்ந்த நள்ளிரவில் தலைவன் காவலர் அறியாது வந்து சேர்கின்றான். நோய் தணிகின்றது. தொடர்பற்ற வேலன் வீணே வருந்தியதனைக் கண்டு தலைவி நகைக்கின்றாள். இப்பாடலைப் பலரும் எடுத்தாள்வர். நகைச்சுவை வெளிப்படையாக இருத்தலே அதற்குக் காரணம்.

98ஆம் பாடலோ இதனினும் ஆழ்ந்தது. எம் ஆய்விற்கு இன்றியமையாதது. அங்குத் தலைவி தோழியிடம் இரண்டு அச்சங்களைக் கூறுகின்றாள். வெறியாடிய பின்னும் மேனி பழைய அழகைப் பெறாதாயின், மறைத்து வைத்த உறவு அலராகாமற் போதல் அரிது. முருகன் அருளால் அழகு மீளுமாயின், அவள் உற்ற துன்பம் வேறொன்று போலும் என்று தலைவன் கேட்டறிவான். அவ்வாறு அவன் கேட்பின் உயிர் வாழ்தல் அதனினும் அரிது.

இவ்விரண்டாம் அச்சத்தினை உரைகாரர் கற்பின் நுண்மையாகக் கொள்வர். அது பொருந்துவதே. யாம் அதன்மேல் ஒன்று கூற விரும்புகின்றோம். வேலன் செய்யும் சடங்கு தன்னைக் குணப்படுத்திவிடலாம் என்று தலைவி ஐயுறுகின்றாள். காரணம் முருகன் அல்லன் என்பதை அவள் நன்கறிவாள். முருகன் பெயரைக் கூறிய பெண்டிரைப் பொய்வல்லவர் என்றே அவள் குறிக்கின்றாள். அங்ஙனமாகவும், பொய்யான காரணத்திற்குச் செய்யப்படும் பரிகாரம் மெய்யான மேனியில் மாற்றத்தை விளைவிக்கக்கூடும் என்பதை அவள் மறுக்கவில்லை. நம்பிக்கைக்கு உடலின்மேல் உள்ள ஆற்றலை இவ்வளவு துல்லியமாகவும், இவ்வளவு துயரத்தோடும் உணர்த்தும் பாடல் பிறிதொன்று உண்டோ என்பது ஐயம். மேலும், குணமாகாவிடினும் துன்பம், குணமாகினும் துன்பம் என்னும் நிலையில், நோயினைக் காட்டிலும் நோய்க்குப் பிறர் கற்பித்த பெயரே அவளை மிகுதியாக வருத்துகின்றது. வித்து தலைவன், எரு வேலன்.

பிணியும் அணங்கும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடு இதனை இயைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அச்சம் பிறக்கும் நிலைக்களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைத் தொல்காப்பியர் கூறுவர். பிணி அவற்றுள் இல்லை. பிணியை அவர் மூப்பு, வருத்தம், மென்மை என்பவற்றோடு சேர்த்து இளிவரலுக்கு நிலைக்களனாக வைத்தார். இளிவரலாவது இழிபு தோன்றுதல். அது தன்கண் தோன்றுதலும் பிறன்கண் தோன்றுதலும் உண்டு என்பர் உரையாசிரியர்.

பிணி தன்னளவில் அச்சத்திற்கு உரியதன்று. தளர்ச்சிக்கும் நாணத்திற்கும் உரியது. அது அச்சமாக மாறுவது எப்பொழுது? யாரோ ஒருவர் அதனை அணங்கு என்று பெயரிட்டு அழைக்கும்பொழுது. வெறியாட்டில் நிகழ்வது இதுவே. மகளின் மெலிவு இளிவரலின் பாற்பட்டது. கட்டுவிச்சி அதனை அணங்கின்பால் ஏற்றுகின்றாள். அந்நொடி முதல் மனையெங்கும் அச்சம் பரவுகின்றது. ஒரே மெலிவுதான், ஆயின் அஃது ஒரு மெய்ப்பாட்டிலிருந்து மற்றொரு மெய்ப்பாட்டிற்குச் சென்றுவிட்டது. செலுத்தியது சொல். தொல்காப்பியர் இக்கருத்தினை விதந்து கூறினாரல்லர்; அவர் வகுத்த பாகுபாடு நமக்கு இதனைக் காண வழிசெய்கின்றது என்பதே எம் துணிபு.

இடவெந்தைத் தாய்

வெறியாட்டு மலைநிலத்துத் துறை. இனிக் கடற்கரைக்கு வருவோம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அந்நிலத்தில் துன்பத்தை மிகுவிக்கக் கட்டுவிச்சியும் வேலனும் வேண்டுவதில்லை. கடலொலியும் நிலவும் ஊதைக்காற்றுமே போதும். அகப்பாடலின் இம்மரபு பத்திப் பாடல்களிலும் தொடர்ந்தது.

8ஆம் நூற்றாண்டினரான திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தில் 5, 6ஆம் திருமொழிகளைக் கடல்மல்லைத் தலசயனத்திற்கும், 7ஆம் திருமொழியைத் திருவிடவெந்தைக்கும் உரியனவாக அமைத்தார். கடல்மல்லைப் பாடல்கள் ஆழ்வார் தம் குரலிலேயே அமைந்தவை. இடவெந்தைக்கு வந்தவுடன் குரல் மாறுகின்றது. தாய் பேசத் தொடங்குகின்றாள். மகள் தோழியரை நோக்கி முறுவலிப்பதில்லை. கண்ணுக்கு மை எழுதுவதில்லை. குழலில் மலர் சூடுவதில்லை. குளிர்விக்கப் பூசிய சந்தனம் அவளுக்குத் தழலாகின்றது, வெண்ணிலவு சுடுகின்றது, கடல் புலம்பினால் அவளும் புலம்புகின்றாள், தென்றல் தீயினும் கொடிதாகின்றது. ஒரு நாழிகை ஊழியினும் நீண்டது என்கின்றாள். மேனி பொன்னிறமாயிற்று, வளைகள் கையில் நில்லாமற் கழல்கின்றன.

இவற்றையெல்லாம் உயர்வு நவிற்சி என்னும் ஒரு சொல்லால் வகுப்பறையில் முடித்துவிடுகின்றோம். நிலவு சுடுமோ என்று மாணாக்கர் வினவுவர். சுடாது, புலவர் மிகைப்படுத்தினார் என்று விடை கூறுவோம். ஆயின், பாடல் கூறுவது நிலவின் வெம்மையையா, நிலவினை உணரும் உடலின் நிலையையா என்பதே எண்ணத்தக்கது. பிரிவுக்கு முன்னும் அந்நிலவு இருந்தது. அக்கடலும் அங்ஙனமே ஒலித்தது. புறத்தில் எதுவும் மாறவில்லை. நோயை எதிர்நோக்கும் மனம் உள்ளவற்றையே நோவாக உணர்தலை ஆழ்வார் பாடுகின்றார். இதனை மிகையென்று ஒதுக்கினால், பாடலின் உயிரையே ஒதுக்கியவராவோம்.

இனித் தாயின் நிலையைக் காண்போம். அகநானூற்றுத் தாய் போல இவள் கட்டுவிச்சியை நாடவில்லை, வேலனை அழைக்கவில்லை, மகளைச் சினக்கவுமில்லை. கண்டவற்றைக் கண்டவாறே எடுத்துரைத்து, பாட்டுத்தோறும் இறைவனை நோக்கி, இவள் திறத்து நின் திருவுள்ளத்தில் யாது நினைந்துள்ளாய் என்று வினவுகின்றாள். வெறியாட்டுத் தாயிடம் விடை உண்டு, வினா இல்லை. இடவெந்தைத் தாயிடம் வினா உண்டு, பொய்யான விடை இல்லை. இருவரும் மகளிடத்து ஒரே அளவு அன்புடையவரே. ஒருத்தியின் சொல் நோய்க்கு நீராகின்றது; மற்றொருத்தியின் சொல் நோய்க்குச் சான்றாகின்றது. இவ்வேறுபாட்டினைத் திருமங்கையார் பதிகத்தின் தனிச்சிறப்பாகக் கொள்ளுதல் தகும்.

நம்மாழ்வார் திருவாய்மொழியின் நான்காம் பத்து ஆறாம் திருவாய்மொழி இவ்விரண்டிற்கும் பாலமாக அமைந்துள்ளது. அங்குத் தோழி வெறியாட்டினை விலக்குகின்றாள். நீங்கள் செய்யும் பரிகாரம் இந்நோய்க்கு உரியதன்று என்கின்றாள். உரியது இன்னது என்றும் கூறுகின்றாள். அவள் நோய் இல்லை என்று கூறவில்லை என்பதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். நோய் உண்டு, நீங்கள் இட்ட பெயர்தான் பொருந்தாது என்பதே அவள் கூற்று. நல்ல மருத்துவரின் கூற்றும் இதுவாகவே இருத்தல் வேண்டும்.

பெயரும் நோயும்

பாடலிலிருந்து திருமணிக்குச் செல்வோம். அங்கு 1924இல் தோன்றியது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. இராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர் பணியாற்றிய இடம் அது. 1955இல் நடுவண் அரசு அதனை ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக ஆக்கிற்று. இந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமி என்பதனை நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். உலக நல நிறுவனம் 1982இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் இது முற்றும் குணமாகும். பெரும்பாலோர்க்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு.

இந்நோயின் தொடக்க அடையாளம் எமது பொருளுக்கு மிகவும் இயைபுடையது. தோலில் நிறம் மங்கிய ஒரு தடிப்போ படலமோ தோன்றும். அவ்விடத்தில் தொடுவுணர்ச்சி குன்றும். வலிக்காமையே இதன் முதற்குறி. அங்ஙனம் வலியின்றித் தொடங்கும் நோய், தன் பெயரால் வேறெந்நோயும் தராத வலியைத் தந்தது. பெருநோய் என்றனர், குட்டம் என்றனர். பெயரைக் கேட்டவுடன் ஊர் ஒதுக்கிற்று. ஊர் ஒதுக்குமுன் நோயுற்றார் தாமே ஒதுங்கினர். மறைத்தமையால் மருத்துவம் தாழ்ந்தது. தாழ்ந்தமையால் ஊனம் மிகுந்தது. ஊனத்தைக் கண்ட ஊர் மேலும் அஞ்சிற்று. தொல்காப்பியர் கூறிய இளிவரல் தன்கண்ணும் பிறன்கண்ணும் ஒருங்கே தோன்றி ஒன்றையொன்று வளர்த்தமைக்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு இல்லை. இந்நோயைத் திருமண முறிவிற்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருந்த சட்டப் பகுதிகள் 2019ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டன. மருந்து வந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் சொல்லின் அச்சம் நீங்கவில்லை என்பதற்கு அவ்வாண்டே சான்று.

பெயரின் கொடுமைக்கு இன்னுமோர் எடுத்துக்காட்டு உண்டு. தோலின் நிறமிகள் அழிவதனால் வெண்ணிறப் புள்ளிகள் தோன்றுவது ஒருவகைத் தோல் மாற்றம். அது தொற்றுவதன்று, தொழுநோயோடு அதற்கு எத்தொடர்பும் இல்லை. ஆயினும் தமிழில் அது வெண்குட்டம் என்று வழங்கப்பட்டு வந்தது. அவ்வொரு சொல்லினால், நோவற்ற நிறமாற்றம் உற்ற எத்துணையோ ஆடவரும் மகளிரும் தொழுநோயாளர் போல் நடத்தப்பெற்றனர். தாமும் அங்ஙனமே அஞ்சி வாழ்ந்தனர். அண்மைக் காலத்தில் வெண்புள்ளி என்னும் பெயர் வழக்கிற்கு வந்துள்ளது. உடலில் யாதொரு மாற்றமும் நிகழவில்லை; பெயர் மாறிற்று; துன்பத்தில் ஒரு பகுதி கழிந்தது. பசலை என்பதும் மேனியில் தோன்றும் நிறமாற்றமே என்பதனையும், அதனைக் கண்டு ஊரார் பேசிய பேச்சே தலைவியைப் பெரிதும் வருத்திற்று என்பதனையும் ஈண்டு நினைத்தல் தகும்.

நம்பிக்கையின் எல்லை

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு, நோயெல்லாம் எண்ணத்தால் விளைவது, எண்ணத்தை மாற்றினால் எல்லாம் தீரும் என்று ஒருவர் முடிவு செய்யலாம். அம்முடிவு பொய்யானது, தீங்கும் பயப்பது. அதனை மறுப்பதற்கும் சான்று தேடி வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை.

1997இல் இரண்டாகப் பிரிக்கப்படுவதற்கு முன் விளங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் சார்ந்த ஊர்களில், காசநோய்த் தடுப்பிற்கான பி.சி.ஜி. ஊசியைப் பற்றிய பேராய்வு 1968இல் தொடங்கிற்று. ஏறத்தாழ 2,80,000 பேர்க்கு ஊசி இடப்பட்டது. ஒரு பகுதியினர்க்குத் தடுப்பு மருந்து; மற்றொரு பகுதியினர்க்கு மருந்தற்ற வெற்று ஊசி. எவர்க்கு எது என்பது இட்டுக்கொண்டார்க்கும் தெரியாது. பின்னர் நோயைக் கண்டறிந்தார்க்கும் தெரியாது. எவருடைய விருப்பமும் முடிவினைச் சாயாதவாறு செய்த ஏற்பாடு அது. பதினைந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கியதில், வளர்ந்தோர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பது புலனாயிற்று. உலகெங்கும் அவ்வூசியின்மேல் வைத்திருந்த நம்பிக்கை பெரிது. அந்நம்பிக்கை கிருமியைத் தடுக்கவில்லை. சிறு குழந்தைகளைத் தாக்கும் கொடிய காசநோய் வகைகளிலிருந்து காத்தலால் அவ்வூசி இன்றும் குழந்தைகளுக்கு இடப்படுகின்றது. அதுவும் நம்பிக்கையால் அன்று, சான்றினால்.

ஆதலின் எல்லை தெளிவாகின்றது. சொல்லும் எண்ணமும் உணரப்படும் துன்பத்தை மிகுவிக்கும், குறைக்கவும் செய்யும். கிருமியை அவை கொல்லமாட்டா. எருவை நீக்கினால் பயிரின் வளர்ச்சி தடைப்படும். வித்தினை எடுத்தெறிய வேறு வழி வேண்டும். மருத்துவரிடம் செல்லாது மனவுறுதி ஒன்றையே மருந்தாகக் கொள்ளுமாறு பிறர்க்கு அறிவுரை கூறுவோர், வேலனை அழைத்த தாயினும் பெரிய பிழை செய்வோராவர்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன மூன்று. முதலாவது, அகப்பாடல்களில் வரும் நோய் பற்றிய வருணனைகளை வெறும் மிகையெனக் கொள்ளாது, துன்பம் உணரப்படும் முறையினைக் காட்டும் நோக்குகளாகக் கொள்ளுதல் வேண்டும். இரண்டாவது, வெறியாட்டுத் துறையின் நடுவாக அமைவது சடங்கு அன்று, பெயரிடுதலே ஆகும். தாய், கட்டுவிச்சி, வேலன், தோழி ஆகியோர் அனைவரும் நோய்க்குப் பெயரிடுவோராகவோ பெயரை மறுப்போராகவோ நிற்கின்றனர். மூன்றாவது, பெயரை மறுப்போர் நோயை மறுத்தாரல்லர். தோழியின் பெருமை அதில்தான் உள்ளது.

மூன்றாவதனை மீண்டும் வற்புறுத்த விரும்புகின்றோம். காரணம் காணப்படாத நோவோடு வருவாரை நோக்கி, உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை என்று கூறுதல் நம்மிடையே மிக எளிதாகிவிட்டது. இதுவும் ஒரு பெயரிடுதலே. நோயுற்றார்க்கு முன்னர் ஒரு துன்பம் இருந்தது. இச்சொல்லால் நாணமும் சேர்ந்து இரண்டாயின. பிறர் நம்பவில்லை என்பதனால் தம் உடலை மேலும் கூர்ந்து நோக்கிச் சான்று தேடுவர். தேடுவார்க்குச் சான்றுகள் கிடைத்துக்கொண்டே இருக்கும். அச்சுறுத்தும் சொல் எருவாதல் போலவே, இகழும் சொல்லும் எருவாகும். அன்னையின் கடுஞ்சொல்லை நீர் என்று வள்ளுவர் கூறியது இது பற்றியே எனக் கொள்ளினும் இழுக்காது.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன். அவற்றுள் நோயுற்றவனே முதலில் வைக்கப்பட்டுள்ளான். பெயரிடுமுன் அவன் கூறுவதனைக் கேட்டல் வேண்டும் என்பதற்கு அவ்வைப்பு முறையே போதிய சான்று. இடவெந்தைத் தாய் மகளைப் பார்த்தாள், கண்டதனைக் கூறினாள், அறியாததனை வினவினாள். மருத்துவமனையிலாயினும் வகுப்பறையிலாயினும், நோயினைப் பற்றிப் பேசுவார் அனைவரும் அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதுவாகும்.